பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுப்பது: முழுமையான வழிகாட்டி

எம்.ஆர்.ஐ. அறையில் பணியாற்றும் டெக்னீஷியன்களுக்காகவும், கதிரியக்கவியல், இதயவியல் முதுநிலை மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பேஸ்மேக்கர் உள்ளவரின் மூளையையோ முதுகுத்தண்டையோ ஸ்கேன் செய்து பழகியவர்கள்கூட, இதயத்தை ஸ்கேன் செய்ய வேண்டி வரும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இரண்டு. கருவியும் அதிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பிகளான லீட்களும் ரேடியோ அலை மிக வலுவாக இருக்கும் மையப் பகுதிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. நாம் பார்க்க விரும்பும் உறுப்பும் படத்தைக் கெடுக்கும் உலோகமும் ஒரு சாண் தொலைவுக்குள் இருக்கின்றன. கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் விடையை நம்பித்தான் நிற்கிறது.

1. எந்தக் கேள்விக்காக ஸ்கேன் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

கோரிக்கைத் தாளில் ‘கார்டியாக் எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் எழுதியிருந்தால், அனுப்பிய மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். இதயத்தசையில் தழும்பு இருக்கிறதா, சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் நோய்) சந்தேகமா, இதயம் சுருங்கும் திறனை மட்டும் அளந்தால் போதுமா என்பதைப் பொறுத்து மற்ற எல்லாமே மாறும். சுருங்கும் திறன் மட்டுமே கேள்வி என்றால் எக்கோ பெரும்பாலும் போதும். சார்காய்டோசிஸில் அழற்சி இப்போது தீவிரமாக இருக்கிறதா என்பது கேள்வி என்றால், பெட் ஸ்கேனுக்கு பேஸ்மேக்கர் தடையாக இருப்பதில்லை. தழும்பு எங்கே, எவ்வளவு, எந்த அடுக்கில் என்ற கேள்விக்குத்தான் எம்.ஆர்.ஐ. ஈடு இணையற்றது.

இன்னும் பேஸ்மேக்கர் பொருத்தாத நோயாளிகளைப் பற்றியும் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 60 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குக் காரணம் புரியாத இதய மின்தடை (இதயத்துக்குள் மின்தூண்டல் பரவுவதில் தடை) வந்திருந்தால், நோயாளியின் நிலை இடம் கொடுக்கும் பட்சத்தில், கருவியைப் பொருத்துவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் இந்த வயதினருக்கு இத்தகைய படப்பரிசோதனையைக் கருதச் சொல்கிறது. கருவிக்கு முன் அரை மணி நேரத்தில் தெளிவாகக் கிடைத்திருக்கும் விடையை, கருவிக்குப் பின் பெரும் பாடுபட்டுத் தேடும் நோயாளிகள் ஏராளம்.

2. நோயாளியின் பேஸ்மேக்கர் அட்டையிலுள்ள எல்லா எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்

‘எம்.ஆர். கண்டிஷனல்’ என்ற சொல்லுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள் பாதுகாப்பானது என்பதுதான் பொருள். அந்தத் தகுதி ஜெனரேட்டருக்கு (தோலுக்கடியில் வைக்கும் பேட்டரிப் பெட்டிக்கு) மட்டும் தனியாக உரியதன்று. ஜெனரேட்டரும் ஒவ்வொரு லீடும் சேர்ந்த முழு அமைப்புக்கே அது வழங்கப்படுகிறது. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: அட்டையில் ஜெனரேட்டரின் பெயருக்குப் பக்கத்தில் எம்.ஆர்.ஐ. குறி இருப்பதைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் ஜெனரேட்டரோடு வேறொரு நிறுவனத்தின் லீட் இணைக்கப்பட்டிருந்தால், இரண்டும் தனித்தனியே தகுதி பெற்றவையாக இருந்தாலும், பொதுவாக அந்த அமைப்பு கண்டிஷனல் ஆகாது. லீடின் நீளமும் முக்கியம்; ஒரே மாடலில் ஒரு நீளம் தகுதி பெற்று, இன்னொன்று பெறாமல் இருக்கலாம்.

ஆகவே ஜெனரேட்டரின் மாடல் எண், ஒவ்வொரு லீடின் மாடல் எண், நீளம், பொருத்திய தேதி ஆகியவற்றைக் குறித்து, தயாரிப்பு நிறுவனத்தின் தற்போதைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்போது மூன்று விவரங்களைத் தேடிப் படியுங்கள்.

முதலாவது, காந்தப்புல வலிமை. 1.5 டெஸ்லாவுக்குத் தகுதி பெற்றது 3 டெஸ்லாவுக்குப் பொருந்தாது. வலிமை குறைந்த காந்தம் என்றால் இன்னும் பாதுகாப்பு என்று எண்ணுவதும் பிழை. 1.5 டெஸ்லாவில் ரேடியோ அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். லீட் ஒரு ஆன்டெனாவைப் போல அந்த அலையை ஏற்று நுனியில் சூடாகிறது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சூடாகும் என்பது லீடின் நீளத்தையும் அது உடலுக்குள் செல்லும் பாதையையும் பொறுத்தது என்பதால், சோதித்துப் பார்க்காத அதிர்வெண் குறைவாக இருந்தாலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

இரண்டாவது, உடலின் எந்தப் பகுதிக்கு அனுமதி என்பது. தொடக்க கால கண்டிஷனல் அமைப்புகள் சிலவற்றில், காந்தத்தின் மையம் மார்பின் மீது வரக்கூடாது என்ற தடை இருந்தது. அவை மூளைக்கும் முழங்காலுக்கும் பொருந்தும், இதயத்துக்குப் பொருந்தாது. மூன்றாவது, ரேடியோ ஆற்றலுக்கான வரம்பு. பெரும்பாலான அமைப்புகளில் உடல் முழுவதற்குமான சராசரி உறிஞ்சல் கிலோவுக்கு 2 வாட்டைத் தாண்டக்கூடாது. அதாவது ஸ்கேனரை இயல்பு இயக்க நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். சில அமைப்புகளில் மொத்த ஸ்கேன் நேரத்துக்கும் வரம்பு உண்டு.

3. மார்பு எக்ஸ்ரேயை நீங்களே பாருங்கள்

அட்டை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்தப் படியை விடாதீர்கள். ஒருமுறை எங்களிடம் வந்த பெரியவரின் அட்டையில் ஜெனரேட்டரும் இரண்டு லீட்களும் சரியாகவே இருந்தன. எக்ஸ்ரேயில் மூன்றாவதாக ஒரு கம்பி தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் கருவியை மாற்றியபோது, பழுதான பழைய லீடை வெளியே எடுக்காமல் நுனியை மூடித் தோலுக்கடியிலேயே விட்டிருந்தார்கள். புதிய அட்டையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதனோடும் இணைக்கப்படாத லீட், இணைக்கப்பட்ட லீடைவிட அதிகமாகச் சூடாகக் கூடும் என்பதால் அன்று ஸ்கேனை நிறுத்தி, இதயவியல் குழுவோடு பேசிய பிறகே முடிவெடுத்தோம்.

எக்ஸ்ரேயில் தேட வேண்டியவை: கைவிடப்பட்ட லீட், முறிந்த லீட், இதயத்தின் வெளிப்பரப்பில் தைத்த லீட், நீட்டிப்பான் அல்லது அடாப்டர், ஜெனரேட்டர் இருக்கும் பக்கம். நோயாளியிடமும் கேளுங்கள்: “ஐயா, இதுக்கு முன்னாடி எப்பவாவது பேட்டரி மாத்தினாங்களா? பழைய வயரை எடுத்துட்டதா சொன்னாங்களா?” மருத்துவச் சொற்களில் கேட்டால் கிடைக்காத பதில், இப்படிக் கேட்டால் கிடைக்கிறது.

4. எந்த வழியில் செல்வது என்று முடிவெடுங்கள்

எல்லா நிபந்தனைகளும் பொருந்தினால் அடுத்த படிக்குச் செல்லலாம். பொருத்தி 6 வாரம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் பல அமைப்புகளின் நிபந்தனை. லீடின் நுனி தசையில் உறுதியாகப் பற்றிக்கொள்ள அந்தக் காலம் தேவை. தற்காலிக பேஸிங் (துடிப்பு கொடுக்கும்) கம்பியோடு இருப்பவரை இந்த வழியில் கொண்டுசெல்லவே கூடாது.

நிபந்தனை பொருந்தாத கருவி என்றால் உடனே மறுத்துவிடவும் வேண்டாம், தயங்காமல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இத்தகைய கருவிகளைக் கொண்டவர்களை 1.5 டெஸ்லாவில் ஸ்கேன் செய்து, கடும் பாதிப்புகள் மிக அரிது என்று காட்டின. ஆனால் அவற்றில் ஒன்றான மேக்னாசேஃப் பதிவேட்டில் மார்புப் பகுதி ஸ்கேன்கள் சேர்க்கப்படவில்லை. அதன் முடிவை இதய ஸ்கேனுக்கு அப்படியே பொருத்திப் பேசுவது சரியாகாது. மார்பு ஸ்கேன்களையும் உள்ளடக்கிய மற்றோர் ஆய்வில் 2,103 ஸ்கேன்களில் 9 முறை, அதாவது 0.4 சதவீதத்தில், கருவி தானாக ரீசெட் ஆகி மாற்று நிலைக்குச் சென்றது. முழுவதும் பேஸ்மேக்கரையே நம்பியிருப்பவருக்கு இது நேர்ந்தால், ரீசெட் ஆன கருவி ஸ்கேனரின் இரைச்சலை இதயத் துடிப்பு என்று தவறாக உணர்ந்து துடிப்பு கொடுப்பதை நிறுத்திவிடலாம். எனவே இத்தகைய ஸ்கேன், வேறு வழியில்லை என்று உறுதியான பிறகு, எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, இதயவியல் மருத்துவர் உடனிருக்கும்போது மட்டுமே நடக்க வேண்டும்.

5. கருவியைச் சோதித்து அளவுகளைப் பதிவு செய்யுங்கள்

இதயவியல் மருத்துவரோ பயிற்சி பெற்ற பேஸ்மேக்கர் டெக்னீஷியனோ புரோகிராமர் (கருவியின் அமைப்பை வெளியிலிருந்து படித்து மாற்றும் இயந்திரம்) மூலம் கருவியைச் சோதிக்க வேண்டும். புரோகிராமர் காந்த அறைக்குள் வரவே கூடாது. பேட்டரியின் நிலை, ஒவ்வொரு லீடின் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு), சென்சிங் அளவு (உணரும் சொந்தத் துடிப்பின் வலிமை), த்ரெஷோல்ட் (இதயத்தைத் துடிக்க வைக்கத் தேவையான குறைந்தபட்ச வோல்ட்) ஆகியவற்றை அச்செடுத்து நோயாளியின் கோப்பில் வையுங்கள். ஸ்கேனுக்குப் பிறகு ஒப்பிட அடிப்படை எண்கள் இல்லையென்றால், ஏதேனும் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பல நிறுவனங்களின் நிபந்தனைப்படி த்ரெஷோல்ட் 0.4 மில்லிவினாடியில் 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இம்பிடன்ஸ் 200 முதல் 1,500 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வரம்பு. துல்லியமான எண்ணை அந்தந்த மாடலின் கையேட்டில் பாருங்கள். இம்பிடன்ஸ் எல்லைக்கு வெளியே இருந்தால், எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தப்பிய முறிவு இருக்கலாம்.

6. பேஸிங் முறையைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே நடக்கும் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமான முறையில் பேஸ்மேக்கர் இதயத்தின் சொந்தத் துடிப்பை உணர்ந்து, தேவைப்படும்போது மட்டும் துடிப்பு கொடுக்கிறது. ஸ்கேனுக்குள் அது உணர்வது உண்மையான துடிப்பா காந்தப்புல மாற்றத்தின் இரைச்சலா என்று அதற்குத் தெரியாது. ஆகவே உணரும் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். சொந்தத் துடிப்பே போதுமான வேகத்தில் உள்ளவருக்கு பேஸிங்கை நிறுத்திவைப்பதே சிறந்தது. சொந்தத் துடிப்பு இல்லாதவருக்கு டி.ஓ.ஓ. அல்லது வி.ஓ.ஓ. போன்ற, எதையும் உணராமல் சீராகத் துடிப்பு கொடுக்கும் முறை வேண்டும்.

எல்லோருக்கும் டி.ஓ.ஓ. வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 70 உள்ளவருக்கு 60இல் டி.ஓ.ஓ. வைத்தால் இரண்டு தாளங்களும் மோதும். பேஸ்மேக்கரின் துடிப்பு டி அலையின் (ஈ.சி.ஜி.யில் இதயத்தசை அடுத்த துடிப்புக்கு மீளும் கட்டத்தின்) மேல் விழுந்தால் வென்ட்ரிகுலர் டாகிகார்டியா (கீழறைகளின் ஆபத்தான அதிவேகத் துடிப்பு) தொடங்கக்கூடும். இத்தகைய முறை உண்மையிலேயே தேவைப்பட்டால், சொந்தத் துடிப்பைவிட 15 முதல் 20 வரை அதிகமான வேகத்தில் வையுங்கள். துடிப்பு ஒழுங்கற்று ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கு இந்த மோதலைத் தவிர்ப்பது கடினம். அவர்களுக்கு முடிந்தவரை பேஸிங்கை நிறுத்திவையுங்கள்.

எம்.ஆர்.ஐ. நிலையில் பல கருவிகள் துடிப்பின் மின்னழுத்தத்தை 5 வோல்ட் வரை உயர்த்துகின்றன. அப்போது சிலருக்கு உதரவிதானமோ மார்புத் தசையோ துள்ளும். நிலையை மாற்றியதும் ஓரிரு நிமிடம் காத்திருந்து, “வயித்துல ஏதாவது வெட்டி இழுக்குதா அம்மா?” என்று கேளுங்கள். உள்ளே படுத்த பிறகு அது தெரியவந்தால் எல்லாப் படங்களும் அசைந்துபோகும்.

எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றுவதை ஸ்கேன் அறை வாசலில், கடைசி நிமிடத்தில் செய்யுங்கள். வார்டிலேயே மாற்றிவிட்டு ஒரு மணி நேரம் வரிசையில் காத்திருக்கச் செய்வது தவறு. அந்த நேரம் முழுவதும் கருவி நோயாளியின் துடிப்பை உணராமல் இருக்கும். மாற்றிய நொடியிலிருந்து மானிட்டர் இணைந்திருக்க வேண்டும்.

டிஃபிப்ரிலேட்டர் வகைக் கருவி உள்ளவர்களுக்கு இவற்றோடு ஷாக் கொடுக்கும் செயலையும் நிறுத்த வேண்டும். அந்த ஜெனரேட்டர் பெரிது என்பதால் படக்கேடும் அதிகம்.

7. நோயாளியைத் தயார் செய்யுங்கள்

சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30க்குக் கீழ் இருந்தால் காடோலினியம் (படத்தில் வேறுபாட்டைக் கூட்டும் ஊசி மருந்து) தருவது பற்றி மருத்துவரோடு பேசுங்கள். ஊசிக்குழாயை ஜெனரேட்டர் இல்லாத பக்கத்துக் கையில் போடுங்கள். மறு கை வேறு வேலைக்குத் தேவைப்படும்.

அந்த வேலை இதுதான்: ஜெனரேட்டர் உள்ள பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தால் ஜெனரேட்டர் தோளோடு மேலே நகர்ந்து இதயத்திலிருந்து சில சென்டிமீட்டர் விலகும். பேஸ்மேக்கர் வைத்த பிறகு பயத்தால் மாதக்கணக்கில் கையைத் தூக்காமல் இருந்த பலருக்குத் தோள் இறுகியிருக்கும். ஆகவே மேசையில் படுக்க வைப்பதற்கு முன்பே கை எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். 45 நிமிடம் தாங்கக்கூடிய நிலையைத் தேர்ந்தெடுத்துத் தலையணையால் தாங்குங்கள். வலிக்கும் அளவுக்குத் தூக்கினால் பாதியில் கையை இறக்கிவிடுவார்கள். அதற்குமுன் எடுத்த படமும் பின் எடுத்த படமும் ஒத்துப்போகாது.

மூச்சடக்கும் பயிற்சியும் இங்கே வழக்கத்திலிருந்து மாறுகிறது. மற்ற இதய ஸ்கேன்களில் மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்கிறோம். இங்கே ஆழமாக உள்ளிழுத்து நிறுத்தினால் இதயம் கீழிறங்கி ஜெனரேட்டரிலிருந்து விலகுகிறது. இரண்டையும் வெளியிலேயே பழக்கிவிடுங்கள்.

8. அறையையும் ஆட்களையும் ஒழுங்கு செய்யுங்கள்

காந்தத்துக்குள் ஈ.சி.ஜி.யை மட்டும் நம்பக் கூடாது. ரத்தம் காந்தப்புலத்தில் ஓடும்போது உண்டாகும் மின்னழுத்தம் அதன் வடிவத்தைச் சிதைக்கிறது. மேலும் பேஸிங் சிக்னல் திரையில் தெரிவதால் இதயம் சுருங்கியது என்று ஆகிவிடாது. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பல்ஸ் ஆக்சிமீட்டரின் அலைதான் ரத்தம் உண்மையில் பாய்கிறது என்பதைக் காட்டும். அதைக் கண்காணிக்க ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள். ஸ்கேன் எடுப்பவரே அதையும் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

டிஃபிப்ரிலேட்டர் காந்த அறைக்கு வெளியே தயார் நிலையில் இருக்க வேண்டும். நெருக்கடி வந்தால் முதலில் நோயாளியை வெளியே கொண்டுவந்து, கதவை மூடி, பிறகுதான் ஷாக். இதயம் நின்றுவிட்டால் மேசையை வெளியே இழுக்கும்போதே மார்பை அழுத்தத் தொடங்கலாம். ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரோடு யாரும் உள்ளே ஓடிவரக் கூடாது. இந்த வரிசையை மாதம் ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

9. ஸ்கேன்: குறைந்த சீக்வென்ஸ்கள் (படமெடுக்கும் முறைகள்), சரியான வரிசை

முதலில் லோகலைசர் (இடம் குறிக்கும் முதற்படம்) எடுத்து, அடுத்ததாக நான்கு அறைகளும் தெரியும் ஒரே ஒரு சினி (இதயத்தின் அசைவைக் காட்டும்) படத்தை ஸ்பாய்ல்டு கிரேடியன்ட் எக்கோ என்ற எம்.ஆர்.ஐ. முறையில் எடுங்கள். கருப்பு நிழல் எதுவரை பரவுகிறது என்பதை அந்த ஒரு படம் காட்டிவிடும். இடது மார்பில் கருவி இருந்தால் இடது வென்ட்ரிக்கிளின் முன்சுவரும் நுனியும் பக்கச்சுவரும்தான் பெரும்பாலும் கெடும். கருவி வலது பக்கம் இருந்தால் இதயம் அநேகமாகத் தப்பித்துவிடும். லீட் மட்டும் உண்டாக்கும் கேடு சிறியது. அப்போதே கையின் நிலையையும் மூச்சடக்கும் முறையையும் மாற்றிப் பார்த்து, நல்ல நிலையை உறுதி செய்துகொண்டு முன்னே செல்லுங்கள்.

வழக்கமாக நாம் விரும்பும் எஸ்.எஸ்.எஃப்.பி. என்ற வேறு முறையிலான சினியை இங்கே விட்டுவிடுங்கள். காந்தப்புலம் சீர்குலைந்த இடத்தில் அது கருப்புப் பட்டைகளை வரைகிறது. ரேடியோ ஆற்றலும் அதிகம். கிரேடியன்ட் எக்கோ இரண்டிலும் மேல். அதன் ஒரே குறை, ரத்தத்துக்கும் தசைக்கும் இடையே வேறுபாடு மங்கலாகத் தெரிவது. அதற்கும் வழி உண்டு. ஆரம்பப் படங்கள் முடிந்ததும், பெர்ஃப்யூஷன் (தசைக்குள் ரத்த ஓட்டத்தைக் காட்டும் படம்) தேவைப்பட்டால் அதோடு சேர்த்து, காடோலினியத்தைச் செலுத்திவிடுங்கள். மருந்து ரத்தத்தை வெளிச்சமாக்கும். தழும்பைக் காட்டும் தாமதப் படத்துக்குக் காத்திருக்கும் 10 முதல் 15 நிமிடத்தில் குறுக்குவெட்டு சினி வரிசையை முடித்துவிடலாம். மருந்துக்கு முன்பே எல்லா சினிகளையும் எடுத்து முடித்துவிட்டுப் பிறகு சும்மா காத்திருப்பது புதியவர்கள் செய்யும் வீண்செலவு. நோயாளியின் மூச்சடக்கும் சக்தி அதற்குள் தீர்ந்துவிடும்.

தாமதப் படத்தில்தான் மிகப்பெரிய பொறி இருக்கிறது. சாதாரண இன்வர்ஷன் பல்ஸின் (சிக்னலைத் தலைகீழாக்கும் ரேடியோ துடிப்பின்) அலைவரிசை அகலம் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ். ஜெனரேட்டருக்கு அருகிலுள்ள தசையில் அதிர்வெண் அதைவிட அதிகமாக விலகியிருந்தால், அந்தத் தசையின் சிக்னல் தலைகீழாக்கப்படாமல் அப்படியே நின்று, படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தழும்பும் வெள்ளையாகவே தெரியும். இல்லாத தழும்பை இருப்பதாக எழுதிவிட்டால் நோயாளியின் சிகிச்சையே திசை மாறிவிடும். உங்கள் ஸ்கேனரில் வைட்பேண்ட் இன்வர்ஷன் இருந்தால் அதைத்தான் பயன்படுத்துங்கள். இல்லையென்றால், சந்தேகமான இடத்தை மூச்சடக்கும் நிலையை மாற்றி மீண்டும் எடுங்கள். உண்மையான தழும்பு தசையோடு சேர்ந்தே நகரும், வடிவம் மாறாது. பொய் வெளிச்சம் ஜெனரேட்டரின் தூரத்தைப் பொறுத்து இடமும் உருவமும் மாறும். தசையின் எல்லையைத் தாண்டி ரத்தத்துக்குள்ளும் மார்புச் சுவருக்குள்ளும் பரவும். இன்வர்ஷன் நேரத்தை நிழலுக்கு எட்டத்தில் உள்ள தடுப்புச் சுவரைப் பார்த்து அமையுங்கள்.

தசையின் நீர்க்கோவையைக் காட்டும் டி2 ஸ்டிர் படமும், தசையின் தன்மையை எண்ணாகத் தரும் டி1, டி2 மேப்பிங்கும் இடது பக்கக் கருவி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நம்பத்தக்கவையல்ல. எண் கிடைக்கிறதே என்று எடுத்து அறிக்கையில் போடாதீர்கள்.

துடிப்போடு ஒத்திசைக்கும்போது ஸ்கேனர் சில சமயம் பேஸிங் சிக்னலையே ஆர் அலை (ஈ.சி.ஜி.யில் கீழறைகளின் துடிப்பைக் குறிக்கும் உயர்ந்த முனை) என்று எடுத்துக்கொள்ளும். ஒரே துடிப்பை இரண்டாக எண்ணினால் சினியில் சுருக்கம் பாதியில் வெட்டுப்படும். ஈ.சி.ஜி. ஒட்டுவில்லைகளின் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் விரல் நாடியோடு ஒத்திசையுங்கள்.

10. வெளியே வந்ததும் கருவியைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள்

இந்தப் படியில் தவறு நேர்வதற்குக் காரணம் அறியாமையல்ல, களைப்பு. ஸ்கேன் முடிந்தது என்ற நிம்மதியில், அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்ற அவசரத்தில், எம்.ஆர்.ஐ. நிலை மாற்றப்படாமலேயே நோயாளி வார்டுக்குச் சென்றுவிடுகிறார். சில கருவிகள் குறித்த நேரத்தில் தாமாகவே திரும்பும். மற்றவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். எது எப்படி என்று ஊகிக்காதீர்கள். புரோகிராமர் வைத்திருப்பவர், “பழைய செட்டிங்ஸ் வந்துவிட்டது” என்று சொல்லி அச்செடுத்துக் கையெழுத்திடும் வரை மானிட்டரைக் கழற்றாதீர்கள். எங்கள் அறையில் இந்தத் தாள் கைக்கு வந்த பிறகே நோயாளியின் சக்கர நாற்காலி நகரும்.

த்ரெஷோல்ட், சென்சிங், இம்பிடன்ஸ் மூன்றையும் மீண்டும் அளந்து முந்தைய அச்சோடு ஒப்பிடுங்கள். த்ரெஷோல்ட் 1 வோல்ட் அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தாலோ, சென்சிங் பாதியாகக் குறைந்திருந்தாலோ ஒரு வாரத்துக்குள் மறுபரிசோதனை வேண்டும். மாற்றம் இல்லாதவர்கள் வழக்கமான தேதியில் வந்தால் போதும்.

11. அறிக்கையில் நிழலையும் எழுதுங்கள்

இடது வென்ட்ரிக்கிளின் 17 பகுதிகளில் எவை நிழலில் மறைந்தன என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘தழும்பு இல்லை’ என்பதும் ‘முன்சுவரின் நுனிப்பகுதியை மதிப்பிட முடியவில்லை, பார்க்க முடிந்த பகுதிகளில் தழும்பு இல்லை’ என்பதும் ஒரே செய்தியல்ல. காந்தத்தின் வலிமை, கருவியின் மாடல் எண், பயன்படுத்திய பேஸிங் முறை, ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் ஆகியவற்றையும் சேருங்கள். இதே நோயாளி அடுத்த ஆண்டு வேறு ஊரில் ஸ்கேனுக்குச் சென்றால், அங்கே மேசையில் இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது இந்தத் தாள்தான். அதன் ஒரு பிரதியை அட்டையோடு சேர்த்து நோயாளியின் கையில் கொடுத்தனுப்புங்கள்.